பூட்டிய பெட்டி



தில்லியில் என் குடியிருப்புக்கு அடுத்த தெருவில், திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தங்கியிருந்தார். நகரின் புறத்தே ஓர் இரும்புப் பட்டறையில் அவருக்கு வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், தகடு வெட்டும் இயந்திரத்தில் அவருடைய கை அகப்பட்டு இரண்டு விரல்கள் கிழிந்துவிட்டன. சுவரில் முதலுதவிப் பெட்டி மாட்டப்பட்டிருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த கிடங்குக் கணக்கர் உணவருந்தப் போயிருந்தார். அவரைத் தேடி அழைத்து வந்து திறந்தபோது, உள்ளே பழைய ரசீதுப் புத்தகங்களும், ஒரு வெற்றிலைப் பெட்டியும், காலியான டிங்சர் புட்டியுமே இருந்தனவாம். எண்ணெய் துடைக்கும் கந்தலைக் கையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். புண் சீழ் பிடித்து, ஒரு விரலின் நுனியை எடுக்கும்படி ஆயிற்று.

“பெட்டிதான் இருந்ததே, ஸார். முதலாளியை நான் எப்படிக் குறை சொல்வது?” என்று அவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை கூறவே இன்று வந்திருக்கிறேன்.

அன்று அமலில் இருந்தது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அதன் 45-ஆம் பிரிவு, வேலை நேரம் முழுவதும் எளிதில் கைக்கெட்டும்படி முதலுதவிப் பெட்டிகள் இருக்கவேண்டும் என்றது. ஒரே சமயத்தில் வேலை செய்யும் 150 பேருக்கு ஒரு பெட்டிக்குக் குறையலாகாது. விதிக்கப்பட்ட பொருள்களைத் தவிர வேறெதையும் அதில் வைக்கலாகாது. முதலுதவியில் அங்கீகாரம் பெற்ற அத்தாட்சிப் பத்திரம் உடைய ஒருவர் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே பொறுப்பேற்று, வேலை நேரத்தில் எப்போதும் அருகிலேயே இருக்கவேண்டும். ஆகவே, அந்தப் பட்டறையில் பெட்டி இருந்ததே ஒழிய, சட்டம் கேட்டது எதுவும் இருக்கவில்லை. வெற்றிலைப் பெட்டி ஒன்றே குற்றத்துக்குப் போதுமானது!

அந்தச் சட்டத்தின் இடத்தில், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வேலை நேரம் முழுவதும் கைக்கெட்டும் நிலையில் ‘போதிய’ முதலுதவிப் பெட்டிகள் வேண்டும் என்கிறது இதன் 24-ஆம் பிரிவு. சட்ட வாசகங்களை மொழிபெயர்த்தே பிழைக்கும் எனக்கு, இந்தப் ‘போதிய’ என்ற சொல்லைக் கண்டால் சிறிது அச்சம் உண்டு. பழைய சட்டம் எண்ணிக்கையைத் தன் வாசகத்திலேயே சொல்லிற்று. புதியது அதை விதிகளுக்கு விட்டுவிட்டது. 500 பேருக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலை, சுரங்கம், கட்டடவேலை ஆகியவற்றில் ஆம்புலன்ஸ் அறை என்பது மட்டும் எண்ணிக்கையோடு நிற்கிறது.

ஆயினும், நம்மவருக்குப் பெரிதும் பயன்படக்கூடிய மாறுதல் ஒன்று இதில் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்தவர்களில் பலர் காண்டிராக்டரின் ஆட்களாகவே வேலைக்குச் சேருகிறார்கள். விபத்து நேர்ந்தால் ‘காண்டிராக்டரைக் கேள்’ என்பார் கம்பெனிக்காரர்; காண்டிராக்டரோ அடுத்த ஊரில் இருப்பார். 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி முதலுதவி வசதி செய்வது முதலில் காண்டிராக்டரின் கடமையாக இருந்தது. அவர் தவறினால்தான் மூல முதலாளி செய்யவேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 53-ஆம் பிரிவு இக்கடமையை மூல முதலாளியின் மீதே நேராகச் சுமத்துகிறது. மேலும், பாதுகாப்புக்காகவும் சுகாதாரத்துக்காகவும் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது. மருந்துக்கென்று கூலியில் பிடித்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மொழி விஷயம் ஒன்றும் உண்டு. தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்பது பழைய சட்டத்தின் ஏற்பாடு. வெளி மாநிலத்தில் அந்தப் பெரும்பாலோரில் நாம் சேரமாட்டோம். எனவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பெட்டி எங்கே, அதற்குப் பொறுப்பானவர் யார் என்று வாயால் கேட்டு அறிந்துகொள்வது நல்லது. ஹிந்தி வழங்கும் இடமானால், ‘சாபி கிஸ்கே பாஸ் ஹை?’ என்ற நான்கு சொற்கள் போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பொருள்.

அந்த இளைஞர் இப்போது வேறொரு பட்டறையில் இருக்கிறார். சேர்ந்த அன்றே இக்கேள்வியைக் கேட்டாராம். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார். பிறகு அவருடைய விரலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாவியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனாராம்.