உங்கள் செவன் அயர்ன் எவ்வளவு போகும்?

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது. செய்திமடலுக்காக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று மேடையில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன்.)



நோட்டீஸ் போர்டில் "கோல்ஃப்" என்று பார்த்ததுமே லிஃப்ட்டில் ஒருவர் கேட்டுவிட்டார்: "சார், முப்பத்தி நாலு வருஷம் பேங்க் கவுன்ட்டர்ல உட்கார்ந்தவருக்கு கோல்ஃப் எங்கிருந்து வந்தது?" நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்துவிட்டு கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். கோல்ஃப் என்றால் ஜெனரல் மேனேஜர்கள் ஆடுவது என்று நினைத்திருந்தேன். 61 வயதில் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "சும்மா நடக்கறதுக்குப் பதிலா ஒரு பந்தைத் துரத்திக்கிட்டு நடங்க மாமா" என்று மாப்பிள்ளை கையில் மட்டையைக் கொடுத்தார். அப்படி ஆரம்பித்தது.

அடுத்த மாதம் நம் குடியிருப்பு நண்பர்கள் ஐந்து பேர் நீலகிரிப் பக்கம் ஒரு மைதானத்துக்கு ஆடப் போகிறார்கள். யாரும் இதுவரை அங்கே போனதில்லை. நான் போயிருக்கிறேன். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். கோல்ஃப் ஆடாதவர்களும் கொஞ்சம் உட்காருங்கள். வீடு கட்ட மேஸ்திரியைக் கேட்பதும், புது ஊரில் ஆட்டோக்காரரிடம் வழி கேட்பதும் நமக்குத் தெரிந்த சங்கதிதானே.

முதலில் ஒன்று. கிரிக்கெட் பிட்ச் எந்த ஊரிலும் 22 கெஜம்தான். டென்னிஸ் கோர்ட்டும் எங்கேயும் ஒரே அளவுதான். கோல்ஃப் அப்படியில்லை. வழக்கமாகப் பதினெட்டு குழி என்பது பொது. மேடு, பள்ளம், ஓடை, மரம், மணல் குழி எல்லாம் மைதானத்துக்கு மைதானம் வேறு. உள்ளூரில் நன்றாக ஆடுகிறவர் வெளியூர் மைதானத்தில் திணறுவது அதனால்தான்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் "ஓல்ட் கோர்ஸ்" என்று ஒரு மைதானம். கோல்ஃபின் தாய்வீடு என்பார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மணல் குழிகள். பங்கர் என்று பெயர். ஆடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து அவற்றில் பல கண்ணுக்கே தெரியாது. ஒரு காலத்தில் அந்த மைதானத்தை எதிர்த்திசையிலும் ஆடினார்களாம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் தெரிகிற குழிகள், இந்தப் பக்கத்திலிருந்து போகும்போது மறைந்துகொள்கின்றன. போதாக்குறைக்கு பெரும்பாலான கிரீன்களை இரண்டிரண்டு ஹோல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. கொடியைப் பார்த்து அடித்தால் அது வேறு ஹோலின் கொடியாக இருக்கும்.

பாபி ஜோன்ஸ் என்ற மேதை 1921-ல், பத்தொன்பது வயதில், அங்கே முதன்முறையாகப் பிரிட்டிஷ் ஓபன் ஆடினார். மூன்றாவது சுற்றில் பதினோராவது ஹோலில் வெறுத்துப்போய் ஆட்டத்தையே விட்டுவிட்டார். பிறகு அந்த மைதானத்தைப் புரிந்துகொண்டு 1927-ல் அதே இடத்தில் ஜெயித்தார். நடுவில் ஆறு வருடம்.

இப்போது 1964. டோனி லேமா என்று ஒரு அமெரிக்கர். அந்தக் கோடையில் தன் நாட்டில் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தார். ஆனால் பிரிட்டிஷ் ஓபன் ஆடியதில்லை, ஓல்ட் கோர்ஸைப் பார்த்ததும் இல்லை. பயிற்சிக்கும் அதிக நேரமில்லாமல் போட்டிக்குச் சற்று முன்புதான் போய் இறங்கினார். அவருக்குக் கிடைத்த ஒரே சொத்து ஒரு மனிதர். அந்த வருடம் போட்டிக்கு வராத ஆர்னால்ட் பாமர், தன்னுடைய கேடியை லேமாவுக்குக் கொடுத்திருந்தார். டிப் ஆண்டர்சன் என்று பெயர். செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்.

கேடி என்றால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து யோசனை சொல்கிறவர். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் படம் ஒட்டுவார்களே, அந்தக் கேடி இல்லை. தமிழில் இந்த வார்த்தைக்கு இப்படி ஒரு அர்த்தம் விழுந்தது அந்த நல்ல மனிதர்களின் துரதிர்ஷ்டம்.

இதே ஆண்டர்சன் துணையோடு பாமர் 1960-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரே ஓர் அடியில் தோற்று இரண்டாவதாக வந்தார். 1961-லும் 1962-லும் வேறு மைதானங்களில் பட்டம் வென்றார். லேமா 1964-ல் என்ன செய்தார் தெரியுமா? முதல் நாள் பலத்த காற்றில் 73. பிறகு 68, 68, 70. மொத்தம் 279. இரண்டாவதாக வந்த ஜாக் நிக்லஸ் 284. அந்த மைதானத்தையே பார்த்திராத ஒருவர், நிக்லஸை ஐந்து அடி வித்தியாசத்தில் தோற்கடித்தார்!

ஆண்டர்சன் மந்திரம் போட்டார் என்று நான் சொல்லவில்லை. லேமா பிரமாதமான ஆட்டக்காரர். ஆனால் "அங்கே தெரிகிற கொடியை மறந்துடு, இதோ இந்தப் பக்கம் அடி" என்று ஒருவர் சொல்லும்போது, கண்ணுக்குத் தெரியாத குழியை நம்பி, கண்ணுக்குத் தெரிகிற கொடியை விடுவதற்கு ஒரு மனசு வேண்டும். எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாரைக் கேட்பது, எப்போது கேட்பது? இதில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் வரை நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். தொடங்கிய பிறகு யோசனை கேட்பதென்றால் உங்கள் கேடியை, அல்லது ஒரே அணியாக ஆடினால் உங்கள் ஜோடியை மட்டும்தான் கேட்கலாம். விதி 10.2. கூட ஆடும் போட்டியாளரிடம் "நீங்க எந்த மட்டையால அடிச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாலே இரண்டு அடி அபராதம். ஆனால் "அந்தக் குழிக்கு எவ்வளவு தூரம்?", "ஓடை எங்கே இருக்கு?" என்று கேட்பது தப்பில்லை. அது எல்லாருக்கும் பொதுவான தகவல். நண்பர்களுக்குள் ஆடும்போது யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

ஆகவே அரை மணி முன்னதாகப் போங்கள். ஸ்கோர் கார்டை வாங்கிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்த மைதானத்துக்கு மட்டுமான விதிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நாம் இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் பின்பக்கத்தைப் படிக்காத மாதிரியே இதையும் யாரும் படிப்பதில்லை. புல் வெட்டுகிற ஆள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்று காலை கொடியை எங்கே நட்டார்கள், எந்த கிரீன் ஈரமாக இருக்கிறது என்பது மேனேஜரைவிட அவருக்குத் தெரியும்.

"எப்படி ஆடணும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கவுன்ட்டரில் வந்து "சார், பணத்தை எதுல போடலாம்?" என்பவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? "மூணு வருஷம் கழிச்சுப் பொண்ணு காலேஜுக்கு வேணும்" என்றால் சொல்லலாம். அதேபோல, "இந்த ஹோல்ல எந்தப் பக்கம் தப்பினா பரவாயில்லை?" என்று கேளுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது. நேராக அடிக்கப் போவதில்லை என்பது நமக்கே தெரியும். எந்தப் பக்கம் போனால் பந்து மிஞ்சும் என்பதுதான் தெரிய வேண்டும்.

மலையில் இன்னும் இரண்டு விஷயம். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. நூறு யார்டு போகிற பந்து ஐந்தாறு யார்டாவது கூடுதலாகப் போகும். அப்புறம், சரிவு நம் கண்ணை ஏமாற்றும். மேட்டுப்பக்கம் போலத் தெரிகிற இடம் உண்மையில் பள்ளத்துப் பக்கமாக இழுக்கும். இதற்குக் கண்ணை நம்பாமல் கேடியைக் கேட்பதுதான் வழி.

அன்று கூடத்தில் இதோடு முடித்துக்கொண்டேன். கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. மிச்சத்தை எழுதிவிடுகிறேன்.

அந்த நீலகிரி மைதானத்துக்கு நான்கு வருடம் முன்பு மாப்பிள்ளையோடு போனேன். அவருடைய நண்பர்கள் இரண்டு பேர், இருவரும் பெரிய பதவியில் இருப்பவர்கள், கூட வந்தார்கள். எனக்கு வாய்த்த கேடிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் கேள்வியே இதுதான்: "சார், உங்க செவன் அயர்ன் எவ்வளவு போகும்?"

என்னுடையது நல்ல நாளில் 120 யார்டு. பக்கத்தில் அந்த இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். "நூத்தி ஐம்பது" என்றேன்.

கடன் கேட்டு வருகிறவர்கள் விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதுவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்! சிரித்திருக்கிறேன் கூட. அன்றைக்கு நானே எழுதினேன்.

மூன்றாவது ஹோல் சின்னது. ஒரே அடியில் கிரீனுக்குப் போக வேண்டும். தூரம் 135 யார்டு, கிரீனுக்கு முன்னால் ஓடை. கேடி சொன்னார்: "செவன் நூத்தி ஐம்பதுன்னா இங்க அது ரொம்ப அதிகம் சார். எயிட்டே போதும்." மட்டையின் எண் கூடினால் தூரம் குறையும். சொன்னபடி எயிட் அயர்னை எடுத்து அடித்தேன். நன்றாகத்தான் பட்டது. நேராக ஓடைக்குள் போனது. இன்னொரு பந்து வைத்தேன். அதுவும் ஓடைதான்.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேடியைப் பார்த்துக் கத்தினார். "என்னய்யா கிளப் கொடுக்கறே? பெரியவரைப் போட்டு இப்படி அலைக்கழிக்கறியே. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு." அந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "தப்பு என்மேலதான் சார்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு ஹோல் அப்படியே போனது. ஆறாவதுக்கு ஏறும்போது நாங்கள் இருவரும் கொஞ்சம் பின்தங்கினோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவர் எனக்காக நின்றார். "தம்பி, நூத்தி ஐம்பது இல்லை. நூத்தி இருபதுதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாவது ஹோல்லயே சந்தேகம் சார். காத்து எதிர்க்குதோன்னு நினைச்சேன். மூணாவதுல தெரிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா அங்க சிக்ஸ் கொடுத்திருப்பேன்."

அதன் பிறகு அவர் எடுத்துக் கொடுத்த மட்டையை நான் கேள்வி கேட்கவில்லை. ஓடைகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒரு பந்து கூடப் போகவில்லை. பதிமூன்றாவதில் கொடியை விட்டு வலது பக்கம் ஒரு மரத்தைக் காட்டினார். மனசில்லாமல் அடித்தேன். பந்து விழுந்து, உருண்டு, சரிவில் இறங்கி, கிரீனுக்கு நடுவில் வந்து நின்றது. மாப்பிள்ளையே கைதட்டினார். "மாமா ஃபார்முக்கு வந்துட்டார்" என்றார்.

ஆட்டம் முடிந்து கணக்குத் தீர்க்கும் நேரத்தில் அந்த நண்பர், "இவருக்கு டிப்ஸ் வேண்டாம், கூலி மட்டும் போதும்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லோரும் காருக்குப் போன பிறகு திரும்பி வந்து அவர் கையில் ஐந்நூறு ரூபாய் வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் பணத்தை நான் தனியாகத்தான் கொடுத்தேன். அவரைத் திட்டியது நாலு பேர் நடுவில்.

என் மாப்பிள்ளைக்கும் இந்தச் செய்திமடல் மின்னஞ்சலில் போகிறது. அந்தத் தூரம் 120 என்பது இதைப் படிக்கும்போதுதான் அவருக்குத் தெரியும். படித்துவிட்டு அந்த நண்பருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மாதம் போகிற ஐவரும் வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த மைதானத்தின் ஸ்கோர் கார்டு என்னிடம் இருக்கிறது. எந்த ஹோலில் என்ன என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். வருவதற்கு முன்னால் பயிற்சி இடத்துக்கு ஒரு நடை போய், ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து அடித்து, தூரத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் பறந்துபோன பந்தின் கணக்கு வேண்டாம். பத்தில் ஏழு தடவை போகிற தூரத்தை எழுதுங்கள். காப்பி என் வீட்டில்.