மூங்கிலுக்குள் ஒரு தவளை

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"சார், காட்டுல புலி, யானையெல்லாம் படம் எடுத்திருக்கீங்களா?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். யானையாவது கண்ணுக்குத் தெரியும் தம்பி! நான் அலைவது கட்டைவிரல் நகத்தில் உட்காரக்கூடிய உயிர்களுக்காக. 2017-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு புதிய இராத்தவளை இனங்களை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அவற்றில் நான்கு, முழுசாக வளர்ந்த பிறகும் 12 முதல் 16 மில்லிமீட்டர்தான். ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் தேடினால் கிடைக்காது, காதால் தேடணும். மழை பிடித்ததும், இருட்டின பிறகு, ஆண் புதர்த்தவளைகள் இலைமேல் உட்கார்ந்து கூப்பிடும். கிட்டே போனால் நிறுத்திடும். அப்போது டார்ச்சை அணைத்துவிட்டு அசையாமல் நிற்கணும். ஐந்து நிமிஷமும் ஆகலாம், அரைமணியும் ஆகலாம். மறுபடி ஆரம்பித்தாலும், எந்த இலையிலிருந்து வருதுன்னு ஒரே ஆளால் சொல்ல முடியாது. இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, அவரவர் காதுக்குச் சத்தம் கேட்கும் திசையில் டார்ச்சை அடிக்கணும். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளை இருக்கும். இதற்குள் அட்டைகள் முழங்காலுக்கு ஏறியிருக்கும். ஏறட்டும்.

கேமரா விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்ரோ லென்ஸில் உயிரளவுக்கு நெருங்கும்போது, எஃப் 11 வைத்தால்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். மூக்கு தெளிவாக இருந்தால் கண் மங்கிவிடும். நாம் மூச்சு விட்டால் இரண்டுமே போச்சு. கண்ணில் ஃபோகஸ் வையுங்க, மற்றது எப்படியோ போகட்டும். ஃப்ளாஷ் நேராக அடித்தால் ஈரத்தோலில் வெள்ளைத் திட்டு விழும். முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர் கட்டினால் சரியாகிவிடும். லென்ஸைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்க, இல்லாட்டி பூஞ்சை பிடித்துவிடும். மற்றதைக் கேமராக் கடைக்காரரே சொல்லித் தருவார், கூடவே ஏதாவது ஒன்றை விற்றும் விடுவார்.

இப்போது நான் பேச வந்த விஷயம். திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்மலையில், வெண்புள்ளிப் புதர்த்தவளை என்று ஒன்று இருக்கிறது. 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் பெயரிட்டார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்ததாகத் தகவலே இல்லை. 2011-இல்தான் மறுபடி கிடைத்ததாகச் செய்தி வந்தது. இது முட்டையிடுவது எங்கே தெரியுமா? மலையாளத்தில் ஈற்ற என்று சொல்லும் மெல்லிய மூங்கிலுக்குள். தண்டில் ஏற்கெனவே விழுந்திருக்கும் கீறல் போன்ற துளை வழியாக உடம்பை நெளித்து உள்ளே போய்விடும். முட்டைகளுக்கு ஆண் தவளைதான் காவல். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. கே.எஸ். சேஷாத்ரியும் உடனிருந்த ஆய்வாளர்களும் இதை விவரித்து எழுதிப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது.

இதைப் படம் எடுக்கணும்னா என்ன செய்வீங்க? ஒரு கத்தி போதும். மூங்கிலைப் பிளந்தால் அப்பா தவளை, முட்டை எல்லாம் ஒரே சட்டத்தில் அழகாக விழும். பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் பிளந்த மூங்கில் திரும்ப ஒட்டாது. என்னிடம் இருக்கும் படத்தில் ஒரு மூங்கில், அதில் ஒரு கீறல், கீறலுக்குள் கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். வீட்டில், "இதுக்கா நாலு நாள் போனீங்க?" என்றாள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேரள மலைக்காட்டில் கருந்தவளை ஒன்று உண்டு. உடம்பெல்லாம் நட்சத்திரம் தெளித்தாற்போலப் புள்ளிகள். 2020 வாக்கில் ஓர் ஆய்வாளர் மரக்கட்டைகளுக்கு அடியில் ஏழு தவளைகளைப் பார்த்தார். பிறகு போனபோது கட்டைகள் புரண்டு கிடந்தன, செடிகள் மிதிபட்டிருந்தன, தவளை ஒன்றுகூட இல்லை. படம் எடுக்க வந்தவர்கள் அவற்றைப் பார்வையான இடத்துக்குத் தூக்கி வைத்ததாகவும், கையில் பிடித்ததில் இரண்டு செத்ததாகவும் உள்ளூர் வழிகாட்டி சொன்னாராம். 2025 டிசம்பரில் லண்டன் விலங்கியல் கழகம் இதை வெளியிட்டது. வந்தவர்கள் வேட்டைக்காரர்கள் அல்ல. என்னைப் போல, தவளைமேல் ஆசை உள்ளவர்கள்! தவளை தண்ணீர் குடிப்பதும், பாதி மூச்சு விடுவதும் தோலால்தான். அட்டைக்காக மூக்குப்பொடி தடவிய கை, கொசு மருந்து பூசிய கை அதன்மேல் பட்டால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்படின்னா மாணவர்கள் சும்மா இருக்கணுமா என்றால், அதுவும் இல்லை. புதர்த்தவளைகளில் பல இனங்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குரலில்தான் வித்தியாசம். உங்கள் பையில் இருக்கும் செல்போனில் தேதி, நேரத்தோடு அந்தக் குரலைப் பதிந்தாலே பெரிய உபகாரம். தொடவே வேண்டாம். இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீங்க. 2010-இல் இந்தப் புதர்த்தவளைப் பேரினத்துக்கு சி.ஆர். நாராயண ராவ் நினைவாகப் பெயர் வைத்தார்கள். அவர் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார், 1937-இலேயே புதிய தவளைகளை விவரித்தவர். அவருடைய மூல மாதிரிகள் பிற்பாடு தொலைந்துபோயின. அன்றைக்கு நல்ல வண்ணப்படமும் ஒரு நிமிஷக் குரல்பதிவும் இருந்திருந்தால், அவர் சொன்ன தவளை எது என்று இன்றைக்கு இவ்வளவு தேட வேண்டியிருக்காது.

அடுத்த மழைக்கு, வனத்துறை அனுமதி கிடைத்தால், நம் மாணவர்கள் நான்கு பேரை மலைக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். கேமரா இல்லாதவர்களும் வரலாம். அட்டைக்குப் பயப்படுகிறவர்களும் வரலாம், இரண்டாம் நாள் பழகிவிடும். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பாருங்க. பந்தியில் பாயசம் இருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.