சான்றிதழோடு முடியலாமா விரிவுரையாளர் பயிலரங்கு?



எஸ்பிஎம் தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்று, மெட்ரிகுலேஷன் கல்லூரியிலோ ஆறாம் படிவத்திலோ இடம் பிடித்து, பின்னர் பல்கலைக்கழகத்தின் அறிவியல் அல்லது பொறியியல் துறையில் காலடி வைக்கும் பிள்ளையை எண்ணிப் பூரிக்காத பெற்றோர் இல்லை. அந்த ஓர் இடத்திற்காகக் குடும்பமே பல ஆண்டுகள் உழைத்திருக்கும். அதே பிள்ளை முதல் தவணையிலேயே கணிதத்திலும் இயற்பியலிலும் தோல்வி கண்டால் வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? "பையன் ஒழுங்காகப் படிக்கவில்லை" என்பதுதான். பாடம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று கேட்பவர் மிகக் குறைவு. இன்றைய உரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பட்டம் உண்டு, பயிற்சி உண்டா?

ஆரம்பப் பள்ளியில் கற்பிக்க விரும்பும் ஒருவர் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் பயில்கிறார். குழந்தை உளவியல், பாடத் திட்டமிடல், மதிப்பீடு ஆகியவற்றைக் கற்கிறார். அனுபவமிக்க ஆசிரியரின் மேற்பார்வையில் வகுப்பறையில் பழகுகிறார். அதன் பிறகே ஒரு வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

கல்லூரி, பல்கலைக்கழக விரிவுரையாளரின் நிலை வேறு. உலகின் பெரும்பாலான நாடுகளில், பாடத்துறையில் முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர் விரிவுரையாளர் ஆகிறார். வேதியியலில் அவர் வல்லவராக இருக்கலாம். ஆனால் கற்பிப்பது எப்படி என்பதை, தமக்குக் கற்பித்தவர்களைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்கிறார். இது தனிமனிதரின் குற்றம் அன்று. உயர்கல்வி அமைப்பிலேயே உள்ள இடைவெளி. அதை நிரப்பவே விரிவுரையாளர்களுக்கான பயிலரங்குகள் தோன்றின.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1953ஆம் ஆண்டிலேயே கல்லூரிக் கணித ஆசிரியர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி நடத்த நிதி வழங்கியது. அன்றைய பயிற்சிகளின் நோக்கம் பாட அறிவைப் புதுப்பிப்பது. ஆசிரியருக்குப் பாடம் நன்றாகத் தெரிந்தால் மாணவருக்கும் புரிந்துவிடும் என்று அப்போது நம்பினார்கள். 1980களில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இரண்டு எளிய கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் வீதம் இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை 'பே' என்றும் கொண்டு ஒரு சமன்பாடு எழுத வேண்டும். அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. மூவரில் ஒருவருக்கும் மேல் தவறாக எழுதினர் என்று 1981இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் எழுதியது 6மா = பே. சரியான விடை மா = 6பே. பத்துப் பேராசிரியர்கள் இருந்தால் அறுபது மாணவர்கள் என்று போட்டுப் பார்த்தால் தவறு உடனே தெரியும். நுண்கணிதம் பயில வந்தவர்களுக்கே சமன்பாட்டின் பொருள் பிடிபடவில்லை.

அடுத்தது இயற்பியல். ஒரு கனரக லோரியும் ஒரு சிறிய காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? இரண்டும் சமமான விசையையே செலுத்துகின்றன என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவர்களிலேயே பலர், லோரியே அதிக விசை செலுத்துகிறது என்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹலூன், ஹெஸ்டனஸ் இருவரும் இத்தகைய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் வினாத்தாளை உருவாக்கி, 1985இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான விரிவுரையைக் கேட்ட பிறகும் மாணவர்களின் தவறான எண்ணங்கள் பெரிதும் மாறவில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர், தம் மாணவர்களுக்கு அந்த நிலை இருக்காது என்று எண்ணினார். அவருடைய விரிவுரைகளை மாணவர்கள் பாராட்டி வந்தனர். 1990ஆம் ஆண்டு வாக்கில் அதே சோதனையை அவர் வைத்தபோது ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கும்படி எழுதுவதா என்று கேட்டார். முடிவும் ஏமாற்றமாகவே இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ஹார்வர்டிலும் உண்மையாயிற்று.

அதன் பிறகு மசூர் வகுப்பை மாற்றி அமைத்தார். சிறிது நேரம் விளக்கம். பிறகு சிந்திக்க வைக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும். அடுத்து, வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் தம் காரணத்தை விளக்க வேண்டும். மீண்டும் விடை கேட்டு, பின்னர் ஆசிரியர் விளக்குவார். இதுதான் சகமாணவர் வழிக் கற்றல்.

இத்தகைய முறைகளின் பயன் கணக்கிடப்பட்டிருக்கிறது. 1998இல் ரிச்சர்ட் ஹேக் 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளின் முன்னேற்றம், வெறும் விரிவுரை வகுப்புகளைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 2014இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 விழுக்காடாகவும், ஈடுபாட்டுக் கற்றல் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. நூறு பேர் கொண்ட வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுதலாகக் கரையேறுகிறார்கள் என்பது இதன் பொருள்.

பயிலரங்கு முடிந்த பிறகு

வழி தெரிந்துவிட்டது, இனி விரிவுரையாளர்களை அழைத்துச் சில நாள் பயிலரங்கு நடத்தினால் போதும் என்று தோன்றலாம். உண்மை அவ்வளவு எளிதன்று.

2011இல் டயேன் ஈபர்ட் மே குழுவினர், பயிலரங்குகளில் கலந்துகொண்ட உயிரியல் விரிவுரையாளர்களை ஆராய்ந்தனர். பயிலரங்கு மிகவும் திருப்தி என்றும், கற்ற முறைகளை வகுப்பில் அடிக்கடி கையாள்வதாகவும் அவர்கள் படிவத்தில் எழுதியிருந்தனர். ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தனர். பெரும்பான்மையோர் பழைய விரிவுரை முறையிலேயே கற்பித்துக்கொண்டிருந்தனர்!

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. இரண்டு கேள்வி கேட்டாலே வகுப்பு மாறிவிட்டதாக ஆசிரியருக்குத் தோன்றலாம். 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு 722 இயற்பியல் விரிவுரையாளர்களிடம் விசாரித்தது. புதிய முறைகளை முயன்று பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவை அனைத்தையும் கைவிட்டிருந்தனர். தொடங்குவதைவிடத் தொடர்வதே கடினம்.

ஆகவே நல்ல பயிலரங்குக்குச் சில அடையாளங்கள் வேண்டும். முதலாவது, அங்கே விரிவுரையாளர் மாணவராக அமர வேண்டும். கலந்துரையாடல் முறையைப் பற்றி மூன்று மணி நேரம் உரை நிகழ்த்துவது, நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பது போன்றது. இரண்டாவது, அவர் தம்முடைய சொந்தப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்து, அதை மாற்றி எழுதி, சக ஆசிரியர்கள் முன் கற்பித்துக் காட்டி, குறைகளைக் கேட்டுத் திருத்த வேண்டும். மூன்றாவது, ஒரே துறையிலிருந்து இருவர் மூவராக வர வேண்டும். தனியாகத் திரும்புபவரைப் பழைய வழக்கம் விழுங்கிவிடும். நான்காவது, பயிலரங்கு முடிந்த பின்னும் தொடர்பு நீடிக்க வேண்டும்.

இந்த நான்காவது அம்சத்துக்கு அமெரிக்கக் கணிதச் சங்கம் 1994இல் தொடங்கிய 'புராஜெக்ட் நெக்ஸ்ட்' நல்ல எடுத்துக்காட்டு. புதிதாக முனைவர் பட்டம் பெற்றுக் கற்பிக்க வருபவர்களுக்கு அது ஒரு வார நிகழ்ச்சி அன்று, ஓராண்டுத் திட்டம். ஒவ்வொருவருக்கும் மூத்த வழிகாட்டி ஒருவர் உண்டு. வகுப்பில் சறுக்கும்போது யாரைக் கேட்பது என்ற தவிப்பு அங்கே இல்லை.

கல்லூரியின் கடமை, பெற்றோரின் பங்கு

ஈபர்ட் மே ஆய்வில் விரிவுரையாளரின் அனுபவமும் வகுப்பின் அளவும் கற்பிக்கும் முறையைப் பெரிதும் தீர்மானித்தன. முந்நூறு பேரை ஒரே மண்டபத்தில் அடைத்து, பாடங்களை மலைபோல் குவித்துவிட்டு, "புதிய முறையில் கற்பியுங்கள்" என்று விரிவுரையாளரிடம் மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு தரும் நிர்வாகம், கற்பித்தலுக்கும் மதிப்பெண் தர வேண்டும். பயிலரங்கின் வெற்றியை வருகைப் பதிவிலும் திருப்திப் படிவத்திலும் தேடக்கூடாது. தவணைத் தொடக்கத்தில் ஒரு சோதனை, முடிவில் அதே சோதனை. மாணவரின் புரிதல் எவ்வளவு உயர்ந்தது என்பதே அளவுகோல்.

பெற்றோர்களும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. "விரிவுரையாளர் சொல்லித் தருவதில்லை, எங்களையே பேசிக்கொள்ளச் சொல்கிறார்" என்று பிள்ளை குறைபட்டுக்கொள்ளலாம். 2019இல் ஹார்வர்டில் நடந்த ஓர் ஆய்வில், சரளமான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தனர். ஆனால் சோதனையில் அதிகப் புள்ளிகள் பெற்றது தாமே சிரமப்பட்டுக் கணக்குப் போட்ட வகுப்பினர்தான். சிரமப்படுவதைக் கற்காததாக எண்ணிவிடக் கூடாது. பிள்ளை அப்படிக் குறை சொன்னால், "இன்று உன் பக்கத்தில் இருந்தவருக்கு எதை விளக்கினாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

விரிவுரையாளரின் சுவரில் எத்தனை பயிலரங்குச் சான்றிதழ்கள் தொங்குகின்றன என்பது முக்கியமன்று. அடுத்த திங்கட்கிழமை அவர் வகுப்பில் எத்தனை மாணவர்கள் வாய் திறந்து காரணம் சொல்கிறார்கள் என்பதே முக்கியம். குடும்பம் பாடுபட்டுப் பெற்ற இடம் முதல் தவணையிலேயே பறிபோகாமல் காப்பதில் மாணவரின் உழைப்புக்குப் பங்கு உண்டு. கற்பிப்பவர் தொடர்ந்து கற்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு.