மாடிக் குழாயை மூடலாம், தொட்டிகளை எடுக்க வேண்டாம்

(நம் வளாகத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய அஜெண்டாவில் ஆறாவது பொருள்: ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மழை வரும்வரை மொட்டை மாடிக் குழாய்களை மூடுவது, மாடித் தோட்டத் தொட்டிகளை அப்புறப்படுத்துவது. முதல் பாதியை நான் ஆதரிக்கிறேன். இரண்டாவது பாதிக்குத்தான் என் ஆட்சேபம். பி.காம். முடித்து 1983-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றவள் நான். கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செலவுப் பக்கம். நம் 64 வீடுகளில் 23 வீட்டுக்காரர்கள் மாடியில் செடி வைத்திருக்கிறோம். உயிருள்ள செடி இருக்கும் தொட்டிகளை மட்டும் எண்ணினேன், 180 வந்தது. தினம் காலையில் இரண்டு ஹோஸ் பைப்புகள் கைமாறிக் கைமாறி ஒரு மணி நேரம் ஓடுகின்றன. 20 லிட்டர் வாளி வைத்துப் பார்த்தேன், ஒன்றரை நிமிடத்தில் நிரம்புகிறது. நிமிடத்துக்கு 13 லிட்டர் என்று வைத்தால், இரண்டு பைப்பும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 1,560 லிட்டர். மாதம் 46,800 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நான்கு. செடி வைக்காத 41 வீட்டுக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் பராமரிப்புத் தொகையிலும் அந்த நான்கு லாரி இருக்கிறது.

சரி, செடி எவ்வளவு குடிக்கிறது? 15 அங்குலப் பையில் காய்க்கும் வெண்டைக்கு மே வெயிலில் ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு. கீரைத் தொட்டிக்கு முக்கால் லிட்டர் போதும். தாராளமாகத் தொட்டிக்கு ஒன்றரை என்றே போடுவோம். 180 தொட்டிக்கு 270 லிட்டர். ஊற்றுவது 1,560, குடிப்பது 270. மீதி 1,290 லிட்டர் தரையில் ஓடிக் காய்கிறது, இல்லாவிட்டால் மழைநீர்க் குழாய்க்குள் போகிறது. "கிணற்றுக்குத்தானே போகிறது" என்று ஒருவர் என்னிடமே சமாதானம் சொன்னார். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி பூமிக்கு தானம் செய்யும் அளவுக்கு நம் சங்கத்தில் டெபாசிட் இல்லை.

இவ்வளவு ஏன் ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் தென்னை நார்க்கழிவு கலந்த மண் வைத்திருக்கிறோம். அது ஈரமாக இருக்கும்வரை தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும். ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரையே ஏற்காது. மண் சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விழும். மேலே ஊற்றுவது அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் வந்துவிடும். கீழே தண்ணீர் வந்துவிட்டதே, செடி குடித்துவிட்டது என்று நாம் அடுத்த தொட்டிக்குப் போகிறோம். வேர் இருக்கும் நடுப்பகுதி அப்படியே உலர்ந்து கிடக்கிறது. மாலையில் செடி வாடுகிறது, மறுநாள் இன்னும் அதிகம் ஊற்றுகிறோம்.

அதனால் ஹோஸ் வேண்டாம், பூவாளியோ அளவு குறித்த ஒரு குடுவையோ போதும். முதல் சுற்றில் தொட்டிக்கு அரை லிட்டர். எல்லாத் தொட்டிக்கும் ஊற்றி முடித்துத் திரும்பி வருவதற்குள் மேல் மண் நனைந்து இளகியிருக்கும். அப்போது மீதியை ஊற்றுங்கள், மண்ணுக்குள் இறங்கும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று அந்தத் தொட்டிக்கு லீவு. விரல் அழுக்காகும் என்பவர்கள் பையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பார்க்கலாம், ஒரு வாரத்தில் கனம் பழகிவிடும்.

பீர்க்கன், பூசணி இலைகள் நடுப்பகலில் துவண்டு தொங்கும். அதைப் பார்த்துப் பதறி மொட்டை வெயிலில் ஓடிவந்து ஊற்றாதீர்கள். வெயில் இறங்கி மாலை ஆறு மணிக்கு இலை தானாக நிமிர்ந்துவிட்டால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். காலையிலும் துவண்டே இருந்தால்தான் கவலை.

அடுத்தது மூடாக்கு. வெயில் நேராக மண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். நம் வளாகத்து வேம்பும் புங்கையும் உதிர்க்கிற சருகைத் தோட்டி பெருக்கி மூட்டை மூட்டையாக வெளியே அனுப்புகிறோம். அதை மாடிக்கு ஏற்றினால் தொட்டிகளுக்கு இரண்டு அங்குலத்துக்குப் போடலாம். தண்டை ஒட்டிப் போடாமல் சற்று விலக்கிப் போடுங்கள், அழுகல் வராது. கறுப்புப் பைகளின் பக்கம் சூடேறி வேர் வேகும், பழைய சாக்கைச் சுற்றிவிடுங்கள். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கி வைத்து, சிறிய செடிகளைப் பெரியவற்றின் நிழலில் விடுங்கள். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டினால் இன்னும் நல்லது. பெரிய டப்புகளில் முருங்கை, எலுமிச்சை வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வையுங்கள். மண் காயக் காயப் பானை தானாகக் கசிந்து கொடுக்கும். பெயின்ட் அடித்த பானை இதற்கு உதவாது.

கோடையில் எதை வைப்பது என்பதிலும் கொஞ்சம் பிடிவாதத்தை விட வேண்டும். மே 4-ல் கத்திரி தொடங்கிய பிறகு தக்காளி பூக்கும், பூ உதிரும், காய் நிற்காது. அதற்கு ஊற்றும் தண்ணீர் வாராக்கடன். வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை தாக்குப்பிடிக்கும். பிரண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இலைக்கு அடியில் செம்பேன் வருவதும் இந்த வறட்சியில்தான். ஈரத்துணியால் இலையடியைத் துடைத்துவிட்டு, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

இனி வரவுப் பக்கம். 270 லிட்டர் எங்கிருந்து வரும்? என் வீட்டுப் படுக்கையறை ஏசியின் வடிகுழாயைக் கேனுக்குள் விட்டேன். ஓர் இரவுக்கு 8 லிட்டர் சேர்கிறது. கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம், அந்த ஈரம்தான் கேனில் விழுகிறது. அதில் உப்பு அநேகமாகக் கிடையாது. 23 வீட்டுக்கு 184 லிட்டர். அரிசி, பருப்பு, காய் கழுவும் தண்ணீர் வீட்டுக்கு 4 லிட்டர், அது 92. கூட்டினால் 276. ஆறு லிட்டர் உபரி! எல்லோர் வீட்டிலும் ஏசி ஓடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் செடி வைக்காத வீடுகளின் ஏசியும் வெளிச்சுவரில்தான் சொட்டுகிறது, கேட்டால் தர மாட்டார்களா?

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரைப் பலர் செடிக்கு விடுகிறீர்கள். நம் போர் தண்ணீரே உப்பு. அந்த உப்பு இன்னும் செறிந்து வருவதுதான் அந்தக் கழிவுத் தண்ணீர். மழை இல்லாத நான்கு மாதத்தில் அது தொட்டியிலேயே தங்கி மண்மேல் வெள்ளையாகப் பூக்கும், இலை ஓரம் கருகும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் இரண்டும் கூடாது.

மேல்தள வீட்டுக்காரர்களின் புகாருக்கும் வருகிறேன். கூரையில் ஈரக்கறை என்கிறார்கள், நியாயம்தான். தொட்டி எல்லாம் செங்கல் மேலோ ஸ்டாண்டு மேலோ ஏற வேண்டும், தரை தெரிய வேண்டும், பெருக்க இடம் வேண்டும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்கவே கூடாது. அதில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் தயாராகிவிடும். ஏசி கேனின் வாயையும் துணியால் கட்டுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்று கேட்கலாம். பணத்தில் லாபம் இல்லை. மண், பை, விதை எல்லாம் கூட்டினால் கோயம்பேட்டில் வாங்குவது மலிவு. ஆனால் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வளர இரண்டு மூன்று வருடம் ஆகும். ஏப்ரலில் தூக்கிப் போட்டுவிட்டு அக்டோபர் மழையில் திரும்ப வாங்க முடியாது. சி பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் தினம் காலையில் அறைக்கு வெளியே வருவதே தம் பத்துத் தொட்டிகளுக்காகத்தான். அவரிடம் போய் அப்புறப்படுத்துங்கள் என்று யார் சொல்வது?

2019 நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. அப்படி ஒரு நிலை மறுபடி வந்தால் முதல் ஆளாக நானே செடியை விட்டுவிடுவேன். குடிக்கிற தண்ணீருக்குப் பிறகுதான் வெண்டைக்காய்.

ஆகவே தீர்மானத்தில் நான் கோரும் திருத்தம் இது. ஏப்ரல் முதல் தேதி மாடிக் குழாய்களைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிடுவோம். தொட்டிகள் இருக்கட்டும். ஒவ்வொரு பிளாக்கிலும் மாடிப்படி அருகே ஒரு 100 லிட்டர் மூடி போட்ட டிரம் வைப்போம், செலவு தோட்டக்காரர்களுடையது. ஏசித் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் அதில் சேரும், எடுக்கிறவர் பக்கத்தில் தொங்கும் நோட்டில் அளவு எழுத வேண்டும். கழுவிய தண்ணீரை அன்றன்றே காலி செய்யாவிட்டால் நாறும். மே 31 அன்று நோட்டைக் குழு பார்க்கட்டும். மாடியில் லாரித் தண்ணீர் ஒரு வாளி செலவாகியிருந்தாலும் தொட்டிகளை எடுத்துவிடலாம், நான் மறுத்துப் பேச மாட்டேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு பி பிளாக் மாடியில் சருகு போடுகிறோம். ஆளுக்கொரு சாக்கும் அளவுக் குடுவையும் கொண்டுவாருங்கள்.