நிலத்தை அடகு வைத்துக் கற்கவேண்டிய கல்வியன்று

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வேறொரு படிப்பைப் படித்து, வேறொரு வேலையும் பார்த்துக்கொண்டு, கணினி நிரல் எழுதும் தொழிலுக்கு மாற விரும்பும் இளைஞர் இன்று பல ஊர்களில் உளர். அவர்களுடைய பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "பயிற்சிக்குப் பெருந்தொகை கேட்கிறார்கள், வேலை உறுதி என்கிறார்கள், நிலத்தை அடகு வைக்கலாமா?" வேண்டாம் என்பதே நமது விடை.

இத்தொழிலுக்குரிய கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. 1991-ஆம் ஆண்டு கீடோ வான் ராசம் என்பவர் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல் மொழிக்குக் காசு இல்லை. கணக்கேட்டைப் போன்ற அட்டவணைகளைக் கையாளும் லிப்ரே ஆபீஸும் அவ்வாறே. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்விக்கூடங்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களையும், 2017-இல் மத்திய அரசு தொடங்கிய சுவயம் தளத்தின் பாடங்களையும் இலவசமாகப் பயிலலாம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுத விரும்பினால் மட்டுமே கட்டணம் உண்டு.

அப்படியாயின் அரிய பொருள் எது? பொறுமையும், கணக்கின் உட்பொருளை அறியும் அறிவுமே ஆகும். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு மாடு நான்கு நாட்களில் 8, 9, 8, 7 லிட்டர் பால் கறந்தது. ஐந்தாம் நாள் ஏட்டில் எழுத மறந்துவிட்டார்கள். எழுதப்பட்ட நாட்களின் சராசரி 8 லிட்டர். வெற்றிடத்தைப் பூச்சியம் எனக் கொண்டால் சராசரி 6.4 லிட்டராகக் குறைந்துவிடும். நல்ல மாடு ஏட்டிலே கெட்ட மாடாகிவிடும்! எழுதாத நாள் வேறு, கறவாத நாள் வேறு என்பது பால்காரருக்குத் தெரியும். கணினிக்குத் தாமே தெரியாது. ஆகவே பழைய தொழிலில் பெற்ற அறிவு வீணன்று. புதிய தொழிலுக்கு அதுவே விதை.

கற்கும் முறையையும் சொல்லுவோம். பார்க்கும் வேலையை உடனே விட்டுவிடலாகாது. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் அட்டவணைக் கணக்கு. அடுத்து, அட்டவணைகளிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுக்கும் எஸ்.க்யூ.எல்.; அதன் பின் பைத்தான். ஒன்று கைவருமுன் மற்றொன்றுக்குத் தாவுதல் கூடாது. பாடத்தைப் பார்த்து எழுதுவதோடு நில்லாமல், மழையளவு, விளைச்சல், சந்தை விலை என நம் ஊர்க் கணக்கையே எடுத்துச் செய்து பார்க்கவேண்டும். அவ்வாறு முடித்த வேலைகளே, வேலை கேட்டுச் செல்லும்போது காட்டத்தக்க சான்று.

ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கற்றவர் அனைவருக்கும் வேலை கிட்டும் என்று யாராலும் உறுதி கூற இயலாது. எளிய நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இன்று எழுதித் தருகின்றன. எழுதியது சரியா, தவறா என்று ஆராயத் தெரிந்தவருக்கே இனி மதிப்பு. இந்நிலையில் உறுதிமொழியை நம்பிக் கடன்படுவது, மழை வருமுன் விளைச்சலை விற்பதற்கு ஒப்பாகும். கடனின்றிக் கற்றவரோ, வேலை தாமதித்தாலும் எதையும் இழப்பதில்லை.

ஊராட்சிக்கும் இதில் கடமை உண்டு. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தால் பல ஊராட்சிகள் நூலகம் பெற்றன. அங்கே ஒரு கணினியும் இணைய வசதியும் வைத்து, மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். பட்டணம் சென்று பயில இயலாத பெண்மக்களுக்கு இது பேருதவியாகும். ஊர்க் கணக்குகளில் தனியாருடைய பெயர்களை நீக்கிவிட்டுப் பழகக் கொடுங்கள். நம் பிள்ளைகளின் கைப்பழக்கமும் வளரும். ஊரின் கணக்கும் சீர்படும்.

நிலம் நிலமாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நாம் தரவேண்டியது நேரமும் இடமும் ஊக்கமுமே.