இரண்டாவது குரல்



பேய், பிசாசு, வேற்றுக்கிரகவாசி என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்க முடியாத ஒரு கதையைச் சொல்லவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1959 முதல் 1964 வரை 'தி ட்விலைட் ஸோன்' என்ற தொடர் ஒளிபரப்பானது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதுக்கதை, புது மனிதர்கள். மொத்தம் 156 அத்தியாயங்கள். அவற்றில் 92 அதை உருவாக்கிய ராட் செர்லிங் எழுதியவை. 1960 மார்ச் 4 அன்று வந்தது 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'.

சனிக்கிழமை மாலை. அமைதியான தெரு. வானில் பேரிரைச்சலோடு ஏதோ ஒன்று கடந்து போகிறது. மின்சாரம் போகிறது, தொலைபேசி வேலை செய்யவில்லை, கார் கிளம்பவில்லை. டாமி என்ற சிறுவன், தான் படித்த கதையைச் சொல்கிறான்: வேற்றுக்கிரகவாசிகள் வருமுன் மனித உருவில் ஒரு குடும்பத்தை முன்கூட்டியே அனுப்பி வைப்பார்களாம். பெரியவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒருவரையொருவர் உற்றுப் பார்க்கிறார்கள்.

அத்தெருவில் வசிக்கும் லெஸ் குட்மேனின் கார் தானாகக் கிளம்புகிறது. அவ்வளவுதான், அவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது! நள்ளிரவில் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பாராமே? தூக்கம் வருவதில்லை என்கிறார் மனிதர். தூக்கமின்மைகூடக் குற்றமாகிவிடுகிறது. இருட்டில் ஓர் உருவம் நடந்து வருகிறது. அதே தெருக்காரரான சார்லி துப்பாக்கியைத் தூக்குகிறார். யார் என்று பார்க்கும்வரை பொறுக்கவில்லை, சுட்டுவிடுகிறார். விழுந்து கிடப்பவர் பக்கத்துத் தெருவில் நிலவரம் பார்க்கப் போன அண்டை வீட்டுக்காரர் பீட் வான் ஹார்ன். அடுத்து சார்லியின் வீட்டு விளக்கு எரிகிறது. கல் சார்லியை நோக்கிப் பறக்கிறது. விடிவதற்குள் தெருவே வெறிபிடித்து ஆடுகிறது.

வேற்றுக்கிரகவாசிகள் உண்மையிலேயே வந்திருக்கிறார்கள். குன்றின்மேல் நின்று விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். அவர்கள் செய்த வேலை அது ஒன்றுதான். மிச்சத்தை மனிதர்களே செய்து முடித்தார்கள்.

நண்பர்களே, செர்லிங் இப்படிக் கதை சொல்லும் வழிக்கு எப்படி வந்தார்? 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றார்கள். கொன்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் கொடுமையைத் தொலைக்காட்சி நாடகமாக்க முனைந்தார் செர்லிங். 1956-இல் அது ஒளிபரப்பானபோது, எதிர்ப்புக்கு அஞ்சியவர்கள் தென்மாநிலத்தின் சாயலையே துடைத்திருந்தார்கள். கொக்கோ கோலா பாட்டில் தென்மாநிலத்தை நினைவூட்டும் என்று அதைக்கூட எடுத்துவிட்டார்கள்! 1958-இல் மறுபடி முயன்றார். கதையைப் பழைய காலத்துக்குத் தள்ளி, இறந்தவனை மெக்சிகோக்காரன் ஆக்க வேண்டியிருந்தது. வெள்ளை மனிதனின் வெறுப்பைப் பற்றி நேராகப் பேச விடாதவர்கள், வேற்றுக்கிரகவாசியைப் பற்றிப் பேசத் தடை சொல்லவில்லை. அந்த வாசல் வழியாக அவர் உண்மையை உள்ளே கொண்டுவந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் காலத்தில் அண்டை வீட்டாரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்த ஒரு தேசம், தன் முகத்தை அந்தத் தெருவில் பார்க்க முடிந்தது.

நான் வலியுறுத்த வந்தது இதுதான். மேப்பிள் தெருவில் நிதானமானவர் ஒருவர் இருந்தார். ஸ்டீவ் பிராண்ட் என்று பெயர். இப்படி ஆளுக்கொரு பலியாடு தேடினால் நாமே நம்மைத் தின்றுவிடுவோம் என்று எச்சரித்தார். அவருக்குத் துணையாக இரண்டாவது குரல் எழவில்லை. அவர் வீட்டில் இருந்த ரேடியோ கருவியும் சந்தேகத்துக்கு உள்ளானது. குட்மேனுக்காக அன்று இன்னும் இருவர் வாய் திறந்திருந்தால், பீட் வான் ஹார்ன் உயிரோடு வீடு திரும்பியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

கூட்டத்தை எதிர்த்து முதலில் பேசுவதற்கு வீரம் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் முதலில் பேசியவரின் பக்கத்தில் போய் நிற்பது நம் ஒவ்வொருவராலும் முடியும். யார்மேலாவது பழி விழும்போது, 'நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன?' என்று ஒருவர் கேட்டால், 'நானும் அதையே கேட்கிறேன்' என்று எழுந்து சொல்லுங்கள். இளைஞர்களே, அந்த இரண்டாவது குரலாக இருங்கள்.