யாருக்கு அந்த 'ங்க'?

2021இல் வந்த 'மண்டேலா' படத்தைப் பார்த்து நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். யோகி பாபு நடித்த முடிதிருத்துபவரை ஊரே 'இளிச்சவாயன்' என்கிறது. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போனபோதுதான் அவருக்கென்று ஒரு பெயர் கிடைக்கிறது. அவருடைய ஒற்றை ஓட்டு ஊராட்சித் தேர்தலை முடிவு செய்யும் என்றதும் இரு தரப்பாரும் அவர் பின்னால் ஓடுகிறார்கள். சிரிப்பு வருவதும் அங்கேதான், சுருக்கென்று தைப்பதும் அங்கேதான்.

சக்கேயுவைப் பாவி என்று கூட்டம் முணுமுணுத்தது. இயேசுவோ அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஓட்டுக்காக அல்ல.

'ஏனுங்க, வாங்க' என்னும் கொங்குத் தமிழில் நமக்குப் பெருமைதான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் பெரியவரை நம் வீட்டுச் சிறுவர்கள்கூட 'வா, போ' என்கிறார்கள். நாமும் திருத்துவதில்லை. அவர் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?